நீல வாசல் வீடு சாப்பாட்டுக் கடை அல்ல

லிமனாக்கி
செப்டம்பர் 18, புதன்கிழமை

அன்பு மகள் மிரியாந்திக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் அவரவர் காலில் நின்று அவரவர் வாயால் சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்கு இங்கே நலமாக இருக்கிறோம். மாதாவின் புண்ணியத்தில் நீயும் அடிலெய்டில் அதே தெம்போடு இருக்கவேண்டும். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இத்தனை மாதம் கழித்து எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நீ கேட்பாய். போனில் நான் எங்கே பேசுகிறேன்? நீ கூப்பிட்டதும் உன் அப்பா அதை மேசைமேல் மல்லாக்க வைத்து, சத்தத்தை ஏற்றிவிட்டு, நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் மூன்று வார்த்தை சொல்லிவிடுகிறார். அதில் இரண்டு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பற்றி. காகிதத்தில் அவரால் குறுக்கே வரமுடியாது. அதோடு இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். இப்போது அவர் துறைமுகத்துக் கல்மேட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார், வர ஒரு மணி ஆகும். நீ ஒரு காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்து இதைக் கடைசிவரை படி. பாதியில் சிரித்து மடித்து வைத்துவிடாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

எல்லாம் அந்தப் பாழாய்ப் போன புத்தகத்தால் வந்தது. கடலோர ஊர்களும் பேட்டைகளும், நம் தீவுக்கு வரும் விருந்தினர்களுக்கு என்று பெயர் போட்டு, வழவழ காகிதத்தில் அச்சடித்து, விமான நிலையத்திலிருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் லார்னகாவுக்கு நான்கு பக்கம், பேரீச்சை மரம் ஒவ்வொன்றையும் எண்ணியதுபோல் எழுதியிருக்கிறார்களாம். லிமசோலுக்கு ஆறு பக்கம், பழைய துறைமுகத்துப் பேட்டை, மீன்காரர் பேட்டை, கோபுரம் கோபுரமாகக் கட்டியிருக்கிற புதுப் பேட்டை என்று தெருத் தெருவாக. உன் சித்தி வீட்டு மாடியிலிருந்து முன்பெல்லாம் கடல் தெரியும், இப்போது அடுத்தவன் மாடியில் காயும் துண்டு தெரிகிறது, அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அயியா நாபாவுக்கு ஐந்து பக்கம், எப்போது தூங்கவேண்டும் என்பதைத் தவிர எல்லாம் அதில் இருக்கிறது. பாஃபோஸ், லாச்சி எல்லாம் முடிந்து, மலை வந்து கடலில் காலை நனைக்கிற இடத்தில் நம் லிமனாக்கி வருகிறது. ஒன்பதே வரி. கோயிலுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று, நம் வீட்டு முற்றத்துக்கு ஆறு. இதையெல்லாம் நெட்டில் பார்த்து எனக்குப் படித்துச் சொன்னது நீதான், மே மாதம் போனில். நீல வாசல் வீட்டைக் கடக்கும்போது சாப்பாட்டு நேரமாக இருந்தால் உங்களை உள்ளே கூப்பிடுவார்கள், தயங்காமல் போய் உட்காருங்கள், விலைப்பட்டியல் கிடையாது, அன்று என்ன வெந்ததோ அதுதான் என்று படித்துவிட்டு, "அம்மா, நீ பிரபலம் ஆயிட்டே" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். ஒன்பதாவது வரிக்கும் சேர்த்துத்தான் சிரித்தாய். அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

எழுதிய பெண்ணின் பெயர் ஸ்தாலோ. போன வருடம் ஈஸ்டர் முடிந்து மூன்றாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தோளில் பையும் கையில் நோட்டுமாக நம் வாசலைத் தாண்டிப் போனாள். நாங்கள் முற்றத்தில் காராமணி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உன் அப்பா முள்கரண்டியைத் தூக்கி "கொப்பியாஸ்தே, வாம்மா, வந்து உக்காரு" என்றார். இதில் என்ன தப்பு? நம் தெருவில் யார் போனாலும் சொல்வதுதானே, வாயில் சோறு இருக்கும்போது ஒருவரைக் கூப்பிடாமல் அனுப்பினால் அந்தச் சோறு தொண்டையில் இறங்குமா? ஆனால் கூப்பிடுவது நம் கடமை என்றால், "வேண்டாங்க, நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவது போகிறவர் கடமை. நாற்பது வருடமாக இந்த வாசலில் நாங்கள் கூப்பிட்டவர்கள் ஒரு பட்டாளம் இருப்பார்கள், உட்கார்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் நிக்கோசியாவிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு இது தெரியாதா? தெரியும், ஆனால் பசி. உட்கார்ந்து மூன்று தட்டு சாப்பிட்டாள். நல்ல பெண்தான், தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனாள். அவள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். பொய்யென்றால் சண்டை போடலாம். ஜூன் மாதம் நான் போன் போட்டு என் வீட்டை அதிலிருந்து எடு என்றேன். "அம்மா, அது பாராட்டும்மா" என்கிறாள். எடுப்பதாக இருந்தாலும் அடுத்த பதிப்பில்தானாம், அதற்கு இரண்டு வருடமாம்.

அந்த இரண்டு வருடமும் நான் யாருக்கு ஆக்கிப் போடுவது? கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்பதை வெள்ளைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கூப்பிட்டால் உட்காரவேண்டும் என்று மட்டும் புத்தகம் போட்டுச் சொல்லித்தந்துவிட்டார்கள். பன்னிரண்டரை ஆனால் போதும், வாசலுக்கு எதிரே நிழலில் நின்றுகொண்டு, நாங்கள் எப்போது வாயைத் திறப்போம் என்று பார்க்கிறார்கள். உன் அப்பா திறந்துவிடுகிறார். ஜெர்மனியிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, அந்த அம்மாள் என் அடுப்படிக்கே வந்து சட்டி மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, இதில் கோதுமை இருக்கிறதா என்று கேட்டாள். கோதுமை இருந்தால் அவளுக்கு வயிறு வீங்குமாம். பாவம், நோய்க்கு என்ன செய்வது, உடைத்த கோதுமையை ஒதுக்கி வைத்துவிட்டு ஹலூமி பாலாடைக்கட்டியும் தர்பூசணியும் வெட்டிக் கொடுத்தேன், அதைப் போட்டோ எடுத்தாள், என்னையும் எடுத்தாள், தலையில் துணிகூடக் கட்டாமல் இருந்தேன். ஸ்வீடன்காரக் குடும்பம் ஒன்று குழந்தைக்கு உயர நாற்காலி கேட்டது. ஒரு ஆள் உன் அறைக் கதவைத் திறந்து, கட்டிலைக் கையால் அமுக்கிப் பார்த்து, இது வாடகைக்கா என்று சைகை செய்தான். உன் பள்ளிக்கூடப் படம் சுவரில் மாட்டியிருக்கிறதே, அதைப் பார்த்தாவது புரிய வேண்டாமா? ஆகஸ்டில், மாதா திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு சின்னப் பேருந்து வந்து வாசலில் நின்றது, பதினோரு பேர். நானும் அப்பாவும் சட்டியில் ஆறு திராட்சையிலைச் சுருள் வைத்திருந்தோம். அன்றைக்கு நான் அழுதேன் மிரியா, வெங்காயத்தின் மேல் பழி போட்டேன். போகும்போது பணத்தை நீட்டுகிறார்கள், உன் அப்பா அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். வாங்கமாட்டேன் என்றால் தட்டுக்கு அடியில் செருகிவிட்டு ஓடுகிறார்கள், அவர் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுகிறார், இந்த வயதில், அந்த முழங்காலோடு.

உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். "கதவச் சாத்திக்கிட்டு சாப்பிடறவன் திருடன்டி" என்கிறார். பதினோரு மணிக்கே சாப்பிடலாம் என்றேன், அதற்கு "நான் என்ன ஆஸ்பத்திரியிலயா இருக்கேன்" என்றார். சரி, கூப்பிடாமலாவது இருங்கள், தலையைக் குனிந்துகொண்டு தட்டைப் பாருங்கள் என்றேன். அன்றைக்கு அப்படியே செய்தார், ஒரு வயதான இங்கிலீஷ்காரர் வாசலில் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார், உன் அப்பா தட்டைப் பார்த்தார், அவர் நின்றார், இவர் பார்த்தார், கடைசியில் வியர்த்து விறுவிறுத்து உன் அப்பா எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். பிறகு நான்தான் ஒரு பலகை எழுதச் சொன்னேன். மீன்பெட்டிப் பலகையில் நீல வர்ணத்தால், அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில், இது ஒரு வீடு என்று எழுதி வாசலில் மாட்டினார். மறுநாளிலிருந்து அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கடைக்கு எவ்வளவு அழகான பெயர் என்று ஒரு பெண் என் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அடுப்பில் போட்டு எரித்துவிடலாம் என்று கழற்றினேன், உன் அப்பா பிடுங்கிக்கொண்டு, வர்ணம் வீணாகிவிடும் என்று மறுபடி மாட்டினார். இந்த மனிதரோடு நான் என்ன செய்வது? கோடை முழுக்க அவரைத்தான் திட்டினேன். கூப்பிட்டது நீங்கள், இழுத்துவிட்டது நீங்கள், உங்கள் கொப்பியாஸ்தேவால் வந்த வினை என்று காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, மாத்திரை மாதிரி. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசாதபோது எனக்கு இன்னும் கோபம் வந்தது, ஏன் என்று உனக்கு இனிமேல் புரியும்.

இப்போது ஒன்பதாவது வரிக்கு வருகிறேன். துறைமுகத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையும் உண்டு, ஆனால் அதன் வாசலில் எட்டுக் காலையும் விரித்துக் கொடியில் தொங்குகிற பேய்க்கணவாய் ஈஸ்டரிலிருந்து அதே பேய்க்கணவாய்தான் என்கிறார்கள் நீல வாசல் வீட்டார் என்று எழுதியிருக்கிறாள். நம் ஊரில் கடை என்றால் ஒன்றுதான், உன் ஞானத்தகப்பன் ஹம்பிஸ் கடை. எங்கள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்று அன்றிலிருந்து எங்களுக்குக் கும்பாரே ஆனவர், உன்னை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து எண்ணெயும் தண்ணீருமாகக் கையில் வாங்கியவர், உன் அப்பாவோடு சேர்ந்து ஒரே படகை முப்பத்தொரு வருடமாக ஓட்டியவர். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. மே மாதத்திலிருந்து அந்தக் கடைக்கு வருகிறவர்கள் புத்தகத்தையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் நம் வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். தன் கணவாயை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டார். அதைக் கொடியிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு அவர்களோடு நின்று போட்டோவுக்குச் சிரித்தார். இரண்டு மாதம் சிரித்தார். ஜூலை மூன்றாம் தேதி லார்னகாவிலிருந்து வந்த அவர் தங்கை மகள் அந்த வரியைப் படித்துச் சொன்னாள்.

அன்றைக்கு அவர் படகுத்துறைக்கு நேராக நடந்து வந்தாராம். உன் அப்பா வலை உதறிக்கொண்டிருந்தார், ஊரே அங்கே இருந்தது. "டேய் கிளியாந்திஸ், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்ல யாருடா இத சொன்னது? நீயா, உன் பொண்டாட்டி பொலிக்ஸேனியா?" என்று கேட்டாராம். உன் அப்பா வலையைக் கீழே வைத்துவிட்டு "நான்தான் சொன்னேன்" என்றாராம். ஹம்பிஸ் "நீ புடிச்சுக் குடுத்ததத்தானடா நான் தொங்கவிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். இதை எனக்குச் சொன்னது உன் அப்பா இல்லை, ஐஸ் கொண்டுவருகிற வண்டிக்காரர். உன் அப்பா வீட்டுக்கு வந்தார், கையைக் கழுவினார், மேசையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் கேட்டார். நான் வெட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து இன்றைக்கு எழுபத்தேழு நாள், அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. ஹம்பிஸ் அந்தக் கொடியை அவிழ்த்துவிட்டார், இரண்டு கம்பமும் வெறுமனே நிற்கின்றன.

சொன்னது நான்தான் மிரியா. மூன்றாவது தட்டை நீட்டிக்கொண்டு அந்த ஸ்தாலோ, துறைமுகத்துக் கடையில் சாப்பாடு எப்படி இருக்கும் அம்மா என்று கேட்டாள். நல்லா இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே. ஒரு படித்த பெண் என் காராமணியைப் புகழ்ந்ததில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. "அங்க தொங்குதே ஒரு கணவாய், அது ஈஸ்டர்லேருந்து அதே கணவாய்தான், அதுக்குப் பேர்நாள் கொண்டாடாததுதான் பாக்கி" என்றேன். அவள் சிரித்தாள், உன் அப்பாவும் சிரித்தார், எனக்கு இன்னும் குஷியாகிவிட்டது. அது பொய் என்று எனக்குத் தெரியும். வாரத்துக்கு இரண்டு தடவை உன் அப்பா பிடித்துக் கொடுப்பதைக் கல்லில் அடித்துப் பதமாக்கித் தொங்கவிடுகிறவர் ஹம்பிஸ். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இந்தத் தவளை கெடவில்லை, பக்கத்தில் இருந்தவர்களைக் கெடுத்தது. மே மாதம் நீ போனில் அந்த வரியைப் படித்தபோது உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதே நான் ஹம்பிஸிடம் ஓடிப்போய், "கும்பாரே, என் வாய் இப்படி ஒரு காரியம் பண்ணிடுச்சு, யாராவது படிச்சுச் சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிடறேன்" என்று சொல்லியிருந்தால் அவர் என்னை நாலு திட்டு திட்டிவிட்டு ஒரு காப்பி கொடுத்திருப்பார். நான் போகவில்லை. அவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே என்று இருந்துவிட்டேன். பிறகு ஜூலையில் உனக்கு விஷயம் தெரிந்து நீ போனில் உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டாய், ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா? அவரு என் ஞானத்தகப்பன், நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஊருக்கு வருவேன்" என்று கேட்டாய். அவர் "சரிம்மா, உளறிட்டேம்மா" என்றார். நான் பக்கத்தில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

ஏன் இன்றைக்கு எழுதுகிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. பூசை முடிந்து வந்து முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், அதிசயமாக வெளியாட்கள் யாரும் இல்லை. ஹம்பிஸ் தெருவில் வந்தார். வேறு வழியில்லை, மேல்பாதையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் அவரை யாரும் கூப்பிட்டதே கிடையாது உனக்குத் தெரியும், நேராக வந்து, நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, உன் அப்பா தட்டிலிருந்தே ஒரு ஆலிவ் காயை எடுத்து வாயில் போடுவார். உன் அப்பா எழுந்து நின்று "கொப்பியாஸ்தே" என்றார். ஹம்பிஸ் நின்றார். தொப்பியைத் தொட்டார். "வேண்டாங்க, நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கூப்பிட்டவனுக்கு ஊரான் சொல்கிற பதில், கொஞ்சமும் கூடாமல் குறையாமல் அப்படியே சொன்னார். உன் அப்பா உட்கார்ந்தார், சாப்பிடவில்லை. சாயங்காலம் துறைமுகக் கணக்குப்பிள்ளை வந்தார். படகுக் காகிதத்தில் இரண்டு பெயர் இருக்கிறதே, அதில் ஒன்றை எடுத்துவிடலாம், எதை எடுப்பது என்று கிளியாந்திஸே சொல்லட்டும் என்று ஹம்பிஸ் சொல்லியனுப்பியிருக்கிறார். உன் அப்பா யோசிக்கக்கூட இல்லை, என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார். வெள்ளிக்கிழமை லாச்சியில் போய்க் கையெழுத்துப் போடுகிறார்கள். அதன் பிறகு அவர் காலையில் எழுந்து எங்கே போவார்? இப்போதே அந்தக் கல்மேட்டில் உட்கார்ந்து, படகு ஹம்பிஸோடு போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அவர்மேல் வருகிற கோபத்தை உனக்கு எப்படிச் சொல்வேன். ஒரே ஒரு முறை என்னைத் திட்டியிருக்கலாம், ஊர் நடுவில் உன் பெயரைச் சொல்லியிருப்பேனடி என்று ஒரு முறை மிரட்டியிருக்கலாம், நான் பதிலுக்கு நாலு பேசி, அன்றைக்கே எல்லாம் வெளியே வந்திருக்கும். திட்டமாட்டேன் என்கிறார். நான் கொடுக்கிற சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு நல்லா இருக்கு என்கிறார்.

மே மாதத்துக்குப் பிறகு உனக்கு ஏன் ஒரு கடிதம்கூட வரவில்லை என்று இரண்டு தடவை கேட்டாய், கை வலி என்றேன். கையில் ஒரு வலியும் இல்லை. ஊர்த் தபால் வாங்குவதும் தருவதும் ஹம்பிஸ் கடை மேசையில்தான், அவர்தான் நிறுத்துப் பார்த்துத் தபால்தலை ஒட்டுகிறார். அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்க என்னால் முடியவில்லை. இதை லாச்சிக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பலாம், சுலபம். கொடுக்கப் போவதில்லை. இதை ஒட்டி, உன் விலாசம் எழுதி, உன் அப்பா திரும்பி வருவதற்குள் நானே எடுத்துக்கொண்டு போகிறேன். மத்தியான நேரத்தில் கடையில் நாலைந்து பேராவது இருப்பார்கள், இருக்கட்டும், அவரும் ஊர் நடுவில்தானே கேட்டார். முதலில் சொல்வதைச் சொல்லிவிட்டு, பிறகுதான் கடிதத்தை மேசையில் வைப்பேன். முதலில் கடிதத்தை வைத்தால், தபால்தலை ஒட்டுகிற சாக்கில் வானிலை பேசிவிட்டு வந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். ஆகையால் இது உன் கைக்கு வந்திருக்கிறது என்றால் நான் சொல்லிவிட்டேன் என்று அறிந்துகொள். அவர் என்ன பதில் சொன்னார் என்பது எழுதுகிற இந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. நன்றாகக் கேட்கட்டும், வாங்கிக்கொள்கிறேன். படகுக் காகிதத்தை மட்டும் அவர் கிழித்துப்போட்டால் போதும்.

ஈரத்தலையோடு படுக்காதே, டப்பாவில் அடைத்த பருப்பு வகைகளை வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, வேலை வேலை என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலை விட்டுவிடாதே. மாதா உன்னைத் தன் முந்தானையால் மூடிக் காக்கட்டும், நீ தொட்டது துலங்கட்டும், நீ வாய் திறந்தால் நல்ல வார்த்தையே வரட்டும், என்னைப் போல் ஆகிவிடாதே. ஒன்று மறக்காதே. இந்தக் கடிதம் வந்த அன்றைக்கே போன் போடு. ஹம்பிஸைப் பற்றி என்னிடம் விசாரிக்காதே, அதெல்லாம் அப்புறம். முதலில் அப்பாவைக் கூப்பிடச் சொல், ஜூலையில் திட்டினாயே, அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேள். சத்தத்தை ஏற்றி மேசைமேல் வைத்துத்தான் பேசுவார். நான் பக்கத்திலேயே நிற்பேன், எனக்கும் கேட்கட்டும்.

உன் அம்மா
பொலிக்ஸேனி